தாடி வைத்த கங்கையும் நம்ம தெப்பக்குளமும்

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், வில்லாபுரம்)



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேன்டீனில் என்னை மடக்கினார். "மாப்ளே, கவிதை மட்டும் நாற்பது வந்திருக்கு. அத்தனையும் காதல் தோல்வி. நீயாவது நம்ம டிபார்ட்மெண்டுக்குப் பொருத்தமா ஒண்ணு எழுதிக் குடுடா" என்றார். எனக்குக் காதலே வரவில்லை, தோல்வி எங்கிருந்து வரும்? ஆகவே ஒரு ஃபவுண்டனைப் பற்றி எழுதுகிறேன்.

ஃபவுண்டன் என்றதும், திறப்பு விழா அன்று மட்டும் 'தண்ணி அடித்துவிட்டு' மறுநாள் முதல் படுத்துக்கொள்கிற ரவுண்டானா ஃபவுண்டனை நினைத்துவிடாதீர்கள். இது ரோமாபுரியில் பியாஸ்ஸா நவோனா என்கிற பெரிய பொதுச் சதுக்கத்தின் நடுவில், 1651-ல் திறக்கப்பட்டு இன்றைக்கும் நிற்பது. 'நான்கு நதிகள் நீரூற்று' என்று பெயர். செய்தவர் ஜான் லொரென்ஸோ பெர்னினி (1598-1680). ரோமுக்குப் போனவன் இல்லை நான். வில்லாபுரத்திலிருந்து அனுப்பானடி வழியாகத் தெப்பக்குளம் வரைக்கும் சைக்கிள் மிதிப்பவன். அரியர் பேப்பருக்கு நோட்ஸ் தேடி லைப்ரரிக்குப் போனபோது, கட்டடக்கலை வரலாறு பற்றிய ஒரு தடித்த புத்தகத்தில் அந்தப் படம் அகப்பட்டது. (அரியர் இன்னும் அகப்படவில்லை.)

படத்தில் ஒரு பாறை. அதன் நான்கு பக்கமும் நான்கு பெரிய ஆண் உருவங்கள், ஆளுக்கு ஒரு விதமாகச் சாய்ந்தும் திமிறியும் உட்கார்ந்திருக்கின்றன. கீழே பெயர்கள் போட்டிருந்தார்கள்: டான்யூப், நைல், ரியோ டெ லா பிளாட்டா, கங்கை. என்னது, கங்கையா? உற்றுப் பார்த்தேன். தாடி வைத்த ஒரு முரட்டு ஆள், கையில் நீளமான துடுப்போடு இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்த நண்பனிடம் காட்டினேன். "கங்கா மாதா எப்படா கங்கா மாமா ஆனாங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி எழுதப் போய்விட்டான். எனக்கு அது மண்டையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை.

பதில் சுலபம். நமக்கு ஆறு என்றால் பெண். பிரம்மபுத்திரா மாதிரி ஒன்றிரண்டுதான் ஆண். பழைய ரோமர்களுக்கோ நதி என்றால் தாடி வைத்த கிழவர். அந்த வழக்கப்படி பெர்னினி கங்கைக்கும் தாடி வைத்துவிட்டார். கையில் துடுப்பு ஏன்? அந்த ஆற்றில் வெகுதூரம் படகு போகலாம் என்பதற்கு அடையாளம். இப்படி ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். நைல் தன் தலையைத் துணியால் மூடிக்கொண்டிருக்கிறது, அது எங்கே பிறக்கிறது என்று அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்குத் தெரியாது. தென் அமெரிக்க நதியான பிளாட்டாவின் கீழே காசுகள் சிந்திக் கிடக்கின்றன. அந்தக் கண்டத்து வெள்ளியில் அன்றைக்கு ஐரோப்பா முழுக்க ஒரு கண் இருந்தது. டான்யூப் ஐரோப்பாவின் சொந்த ஆறு, ஆகவே அது போப்பாண்டவரின் குலச் சின்னத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நான்கு நதி என்றால் அன்றைக்கு அவர்கள் அறிந்த நான்கு கண்டம். நம்ம ஆசியாவுக்கு கங்கை!

இந்தக் கலை பாணிக்குப் பரோக் என்று பெயர். ஒழுங்கில்லாத முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அதற்கு முந்தைய காலச் சிற்பங்கள் நிதானமாக, அளவெடுத்த மாதிரி நிற்கும். பரோக்கில் எதுவும் சும்மா நிற்காது. துணி காற்றில் பறக்கும், உடம்பு முறுக்கும், குதிரை பாறைக்குள்ளிருந்து பாயும். ஒரு பக்கம் நின்று பார்த்தால் பாதிதான் தெரியும், மீதியைப் பார்க்க நீங்களே சுற்றி வரவேண்டும். இந்த நீரூற்றில் சிங்கம் ஒன்று தண்ணீர் குடிக்கக் குனிகிறது. ஆர்மடில்லோ என்று சொல்லப்படும் ஒரு விநோத மிருகமும் உண்டு. அதைச் செதுக்கியவர் நிஜ ஆர்மடில்லோவைப் பார்த்ததே இல்லை என்று சிலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தொட்டியில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு மீன் கிடக்கிறது. தொட்டி நீர் வெளியேறும் வழி அந்த வாய்தான்! கழிவுக் குழாயைக் கூட கலையாக்கிய மனுஷன்.

இனி நம் பாடத்துக்கு வருவோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆக்வா வெர்ஜினே என்கிற கால்வாயிலிருந்து. அதன் மூலம், கி.மு. 19-ல் அக்ரிப்பா என்கிற ரோமானியத் தளபதி கட்டியது. சுமார் 20 கிலோமீட்டர் தூரம், பெரும்பகுதி பூமிக்கு அடியில். அத்தனை தூரத்துக்கும் இறக்கம் எவ்வளவு தெரியுமா? 4 மீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 5000-க்கு 1. கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர். சர்வே பிராக்டிகலில் கிரவுண்டை ஒரு சுற்று சுற்றி வந்து லெவல் குளோஸ் ஆகாமல் நாம் முழிக்கிற முழி ஞாபகம் வருகிறதா? டம்பி லெவல் இல்லாத காலத்தில் மண்ணுக்கு அடியில் இதைச் சாதித்திருக்கிறார்கள். இந்த ஒரு வரிக்காகவே அந்தப் புத்தகத்தை இரண்டாம் தடவை ரின்யூ பண்ணினேன்.

ஆனால் இறக்கம் குறைவு என்றால் ஹெட் குறைவு. அப்புறம் தண்ணீர் உயரப் பீச்சாது. பெர்னினியின் அப்பா பியெத்ரோ இதே கால்வாய்த் தண்ணீருக்கு 1627-29-ல் ஒரு நீரூற்று செய்தபோது, பாதி மூழ்கிய ஓட்டைப் படகு மாதிரி தரைமட்டத்துக்குக் கீழே அமைத்தார். மேலே ஏறாத தண்ணீருக்குத் தொட்டியைக் கீழே இறக்கிவிட்டார். மகன் வேறு வழி பிடித்தார். உயரத்தைக் கல்லுக்குக் கொடுத்தார், தண்ணீரைப் பாறை இடுக்குகளிலிருந்து வழியவிட்டார். பார்க்கிறவன் கண் மேலே போகிறது, தண்ணீர் தன்பாட்டுக்குக் கீழே ஓடுகிறது. குறையை மறைக்கவில்லை, அதையே டிசைனாக மாற்றிவிட்டார்.

உயரம் என்றேனே, அது ஒரு ஓபிலிஸ்க். நான்கு பட்டையாகச் செதுக்கிய கிரானைட் ஊசித்தூண், கிட்டத்தட்ட 16 மீட்டர். ரோமப் பேரரசர் டொமீஷியன் காலத்தது. ஊருக்கு வெளியே உடைந்து துண்டு துண்டாகக் கிடந்ததைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினார்கள். எதன் மேல்? இங்கேதான் பெர்னினியின் துணிச்சலைப் பார்க்கவேண்டும். கெட்டியான பீடத்தின் மேல் இல்லை! அடியில் இருக்கிற டிராவர்டைன் பாறையைக் குகை மாதிரிக் குடைந்துவிட்டார். நான்கு பக்கமும் திறப்பு, இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். தூண் நேராக அந்த வெற்றிடத்தின் தலைக்கு மேலே நிற்கிறது. லோடு முழுவதும் நாலு கால் ஸ்டூல் மாதிரி மூலைகள் வழியாக இறங்குகிறது. ஆர்ச் சாப்டர் படித்த நமக்கு இது புரியும், ரோம் ஜனங்களுக்குப் பயம். விழுந்துவிடும் என்று வதந்தி கிளம்பியதாம். பெர்னினி வண்டியில் வந்து இறங்கி, கவலையாகப் பார்ப்பது போல் பாவனை செய்து, தூணிலிருந்து பக்கத்து வீடுகளுக்கு நாலு மெல்லிய கயிறு கட்டச் சொல்லிவிட்டு, "அப்பாடா, இனிப் பயமில்லை" என்பது மாதிரி திரும்பிப் போனாராம். கதையாகவே இருக்கட்டும், நம் சைட் இன்ஜினியர்கள் கேட்டு ரசிக்க வேண்டிய கதை.

இன்னொரு கதையை மட்டும் நம்பாதீர்கள். எதிரே ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் முகப்பை வடிவமைத்த பொரொமினி பெர்னினிக்குப் போட்டியாளர். அந்தக் கட்டடம் தன் மேல் விழுந்துவிடும் என்று பயந்துதான் பிளாட்டா கையை உயர்த்தியிருக்கிறது என்று கைடுகள் சொல்வார்களாம். நீரூற்று முடிந்தது 1651, தேவாலய வேலை ஆரம்பித்தது 1652. இல்லாத கட்டடத்துக்கு ஏன் பயப்படவேண்டும்?

சரி, இத்தனையும் யாருக்காக? தூணின் உச்சியில் ஒரு புறா, அலகில் ஆலிவ் கிளை. கிறிஸ்தவர்களுக்கு அது பரிசுத்த ஆவி, சமாதானம். அதே புறா, அப்போதைய போப்பாண்டவர் பத்தாம் இன்னசென்ட்டின் பம்ஃபீலி குடும்பச் சின்னமும்கூட. அவர்கள் குடும்ப மாளிகையும் அதே சதுக்கத்தில்தான். ஆக நான்கு கண்டமும் கீழே, புறா மேலே. உலகத்துத் தண்ணீரெல்லாம் எங்கள் வாசலுக்கு வருகிறது என்று கல்லால் எழுதிய விளம்பரம் அது. வேலை நடந்த வருஷங்களில் விளைச்சல் மோசம், ரொட்டிக்குத் தட்டுப்பாடு, வரிச்சுமை வேறு. அங்கே இறக்கி வைத்திருந்த கற்களிலேயே, எங்களுக்குத் தூணும் நீரூற்றும் வேண்டாம், ரொட்டி கொடு என்கிற பொருளில் சீட்டு எழுதி ஒட்டினார்கள் ஜனங்கள். சிற்பத்தின் அழகு எனக்கு எவ்வளவு பிடித்ததோ, அந்தச் சீட்டும் அவ்வளவு பிடித்தது. கல்லில் எழுதாததையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த நீரூற்றை முழுசாகப் படித்த மாதிரி.

இதில் ஒரு விசேஷம். 1652 முதல் ஆகஸ்ட் மாதத்துச் சனி, ஞாயிறுகளில் அந்தச் சதுக்கத்தின் வடிகாலை அடைத்துவிட்டு, நீரூற்றின் தண்ணீரைப் பெருகவிடுவார்கள். சதுக்கமே ஏரியாகிவிடும். பணக்காரர்கள் குதிரை வண்டியைத் தண்ணீருக்குள் ஓட்டுவார்கள், மற்றவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். 1866-ல் நிறுத்தும்வரை இந்தக் கூத்து நடந்தது. இதைப் படித்ததும் எனக்கு 'அட, இது நம்ம தெப்பத் திருவிழா ஆச்சே!' என்று பட்டது. வருஷத்தைப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் வெட்டியது 1645. பெர்னினி வேலையை ஆரம்பித்தது 1648. இங்கே நாயக்கர் (ஆட்சி 1623-1659), அங்கே போப்பாண்டவர். ஒரே சமயத்தில் இரண்டு ஊரிலும் தண்ணீரை நடுவில் வைத்து ஒரு பெரிய பொதுக்காட்சி! மகாலை வரைந்தது இத்தாலிக்காரர் என்று நம்ம ஊரில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. அதை வைத்துத் தெப்பக்குளத்தையும் ரோமோடு முடிச்சுப் போட நான் வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்ம குளம் புதுசாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மகால் கட்ட செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம்தான் தெப்பக்குளம் ஆயிற்று என்பார்கள். பள்ளம் தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்பதும் ஊர் அறிந்த கதை. (முக்குறுணி என்றால் 18 படி. சதுர்த்திக்கு அத்தனை அரிசியில் ஒரே கொழுக்கட்டை!) ராஜாவுக்கு அரண்மனை, ஊருக்குப் பள்ளம். ஆனால் அந்தப் பள்ளத்தை எப்படி விட்டுப்போனார்கள் பாருங்கள். ஏறக்குறைய 305 மீட்டருக்கு 290 மீட்டர். நான்கு பக்கமும் கருங்கல் படிக்கட்டு, நடுவில் தோட்டத்தோடு மைய மண்டபம், உள்ளே பிள்ளையார். தண்ணீர் நிலத்தடிக் கால்வாய் வழியாக வைகையிலிருந்து வரும்படி அமைப்பு. இங்கேயும் மோட்டார் கிடையாது, கிரேடியன்ட்தான்.

ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் எவ்வளவு என்று எஸ்டிமேட் போட்டேன். பரப்பு சுமார் 88,000 சதுர மீட்டர். அப்படியென்றால் 8.8 கோடி லிட்டர். நடுத்தீவைக் கழித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. 12,000 லிட்டர் லாரி என்றால் 7,300 லோடுக்கு மேல். நம்ம பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்றால் 58 லட்சம் குடம். படிக்கட்டை அழகுக்கு மட்டும் போட்டதாக நினைக்காதீர்கள். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் குடத்தோடு போகிறவருக்குக் கால் வைக்க ஒரு படி இருக்கும். எந்தப் படி வரை நனைந்திருக்கிறது என்று பார்த்தாலே வைகையில் என்ன நிலைமை என்று சொல்லிவிடலாம். நாம் லேபில் நட்டு வைக்கிற ஸ்டாஃபை அவர்கள் குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் கல்லிலேயே போட்டுவிட்டார்கள்.

ரோமில் தண்ணீர் ஓடுகிறது, சிலைகள் துடிக்கின்றன, ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள். நம்ம ஊரில் தண்ணீர் அசையாது. கோடு கோடாகப் படி, சதுரமாகக் கரை, நடுவில் மண்டபம், எல்லாம் அமைதி. அசைகிறவர்கள் ஜனங்கள். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் ஏறுவார்கள், கரையிலிருந்து வடம் பிடித்து இழுத்துக் காலையில் இரண்டு சுற்று, இரவில் ஒரு சுற்று. அந்தப் பூசம் திருமலை நாயக்கரின் பிறந்த நட்சத்திரம். பாருங்கள், அங்கே உச்சியில் குடும்பப் புறா, இங்கே திருவிழாத் தேதியில் ராஜாவின் நட்சத்திரம். பேரைப் பொறிக்காமல் எந்த ராஜாவும் காசை இறக்குவதில்லை போலும். ஆனால் வடம் பிடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த நட்சத்திர விஷயம் தெரியும்? எனக்கே இப்போதுதான் தெரியும்.

எங்கள் தலைமுறைக்குத் தெப்பக்குளம் என்றால் தண்ணீரே இல்லை, கிரிக்கெட்தான். சின்ன வயதில் என் மாமா என்னை அங்கே கூட்டிப்போவார். குளத்துக்குள் ஒரே நேரத்தில் பல மேட்ச் நடக்கும். யார் பந்து யார் பேட்டில் பட்டது என்று சண்டை வரும். மைய மண்டபத்துக்கு நடந்தே போவோம். தண்ணீர் இல்லாத வருஷங்களில் தெப்பம் நகராது, நிலைத்தெப்பம் என்று நின்ற இடத்திலேயே விழா நடக்கும். வரத்துக் கால்வாய் தூர்ந்து, அடைபட்டுக் கிடந்ததுதான் காரணம். 2019-20 வாக்கில் பனையூர்க் கால்வாய் வழியைச் சீர்செய்து வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். முதல் தடவை நிறைந்த குளத்தைப் பார்த்தபோது மாமா, "நான் சிக்ஸர் அடிச்ச பிட்ச் முங்கிப்போச்சேடா" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தார். கலை ரசனை என்று அவருக்குச் சொல்லத் தெரியாது.

எழுதியதை வீட்டில் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கங்கைக்குத் தாடி என்றதும் சிரித்தார். ரொட்டிச் சீட்டு வந்ததும் நிறுத்தச் சொன்னார். "நம்ம தெருக் குழாயை எழுதுனியா?" என்றார். எழுதவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா வில்லாபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் பகுதியில் குடிதண்ணீர் குடம் இத்தனை ரூபாய் என்று விலைக்கு விற்றது. அம்மாச்சி நடு ராத்திரி எழுந்து குடம் வைக்கப் போவாராம். இடத்தை விட்டுப் போக வேண்டியிருந்தால் வரிசையில் ஒரு உடைந்த செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்களாம். செங்கல் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். துடுப்பு கங்கையைக் குறிக்கிற மாதிரி அந்தச் செங்கல் அம்மாச்சியைக் குறிக்கும். 1996-ல் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் எங்கள் வார்டுக்கு மாநகராட்சி உறுப்பினராக வந்த லீலாவதி, குழாயில் தண்ணீர் கொண்டுவரப் பாடுபட்டார். தண்ணீரை விற்றுக் காசு பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று அவர் வில்லாபுரத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். "அன்னிக்கு அம்மாச்சி சாப்பிடல, யார் வீட்லயும் அடுப்பு எரியல" என்று அம்மா சொன்னார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது எங்கள் தெருக் குழாய் அருகே நின்று, படத்திலிருந்த நீரூற்றைப் பார்த்த மாதிரியே சுற்றி வந்து பார்த்தேன். சிங்கம் இல்லை, புறா இல்லை. சிமெண்டு மேடை, ஓரம் பெயர்ந்திருக்கிறது. திருகு கழன்று போனதால் யாரோ துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். கீழே குடம் வைத்து வைத்துச் சிமெண்டில் வட்டமாக ஒரு குழி. அந்தக் குழியை யாரும் செதுக்கவில்லை, குடங்களின் அடிதான் செதுக்கியது. எதிர்வீட்டு அக்கா குடத்தோடு வந்து, "என்னப்பா, தண்ணி வரலியா?" என்று கேட்டார். வருது அக்கா என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

இந்தத் தைப்பூசத்துக்கு நானும் மாமாவும் தெப்பக்குளம் போகிறோம். வடம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள், கையில் கயிறு படவேண்டும் என்றால் முண்டியடித்துத்தான் ஆகவேண்டும். இரவுச் சுற்றுக்கு வருகிறவர்கள் சைக்கிள், பைக் எடுத்து வராதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. மண்டபத்து விளக்கெல்லாம் தண்ணீரில் தெரியும். கீழ்ப்படியில் உட்கார இடம் பிடித்து வைக்கிறேன். ஆள் இல்லாவிட்டால் ஒரு செங்கல் இருக்கும்.